தினசரி ஓட்டப் பயிற்சிக்கு எந்த பிராண்ட் ஷூ? வேலூர் வட்டார ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் கோட்டை மைதானத்தில் ஓடுபவர்கள், காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், டாக்டர் சொன்னதால் ஓட ஆரம்பித்தவர்கள் என்று எல்லோரும் ஷூ வாங்கப் போகும்போது ஒரே கேள்வியோடுதான் போகிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

எந்த பிராண்ட் நல்லது?

பிராண்டைக் கேட்பதைவிட மாடலைக் கேட்பது நல்லது. ஒரே கம்பெனி ஓடுவதற்கு ஒரு ஷூ, பந்தயத்துக்கு ஒரு ஷூ, ஜீன்ஸோடு போட்டுக்கொள்ள ஒரு ஷூ என்று மூன்றையும் ஒரே லோகோவில் விற்கிறது. லோகோவைப் பார்த்து வாங்கினால் இந்த மூன்றில் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. பாதத்தின் நீளம், அகலம், ஓடும் தரை, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், கையில் உள்ள பணம் ஆகியவற்றை இதே வரிசையில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு பார்த்தால் இரண்டு மூன்று மாடல்தான் மிஞ்சும். அவற்றில் காலுக்கு வசதியாக இருப்பதை எடுங்கள்.

தினசரி பயிற்சி ஷூ என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு ஷூ சுமார் 250 முதல் 300 கிராம் வரை இருக்கும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டிராப் என்பார்கள். பெரும்பாலான மாடல்களில் அது 8 முதல் 10 மி.மீ. அடியில் தேயும் இடங்களிலெல்லாம் ரப்பர் ஒட்டியிருக்கும். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ இந்த வகையில் சேராது. அது விலை அதிகம், மெதுவாக ஓடும்போது கணுக்கால் ஆடும், அடியில் மெத்தையாக இருக்கும் ஃபோமும் சீக்கிரம் களைத்துவிடும்.

சரியான சைஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாலையில் அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும். வேலூர் வெயிலில் ஓடும்போதும் அப்படித்தான் பெருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி முழு எடையோடு நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் அளவு குறைவாக வரும். மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடுங்கள். பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல்தான் நீளமாக இருக்கும், அதைக் கவனியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கே வாங்குங்கள்.

பாதம் 26 செ.மீ. என்றால் லேபிளில் 26.5 அல்லது 27 செ.மீ. போட்ட ஷூவிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கலாம். யூ.கே. எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். யூ.கே. 8 என்பது அடிடாஸில் 26.5 செ.மீ., நைக்கியில் 27 செ.மீ. ‘நான் எப்பவும் எட்டுதான்’ என்று கடையில் சொல்பவர்களுக்குப் பாதி நேரம் தப்பான சைஸ் கிடைப்பது இதனால்தான். ஷூவைப் போட்டு லேஸ் கட்டி எழுந்து நின்றால், நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் ஒரு செ.மீ. இடம் இருக்க வேண்டும்.

நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் சுண்டுவிரல் பக்கம் அழுத்துகிறதே?

அகலம் போதவில்லை. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதத்தில் விரல்கள் விரிந்து முன்பாதம் அகலமாக இருக்கும். நம் பக்கத்தில் இது சாதாரணம், குறை ஒன்றுமில்லை. ஆனால் கடைக்கு வருகிற ஷூக்களில் பெரும்பாலானவை சாதாரண அகலத்தில் செய்தவை. அழுத்துகிறது என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் குதிகால் வழுக்கும், ஷூ மடங்கும் இடமும் விரல் மடங்கும் இடமும் பொருந்தாமல் போகும்.

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஷூவிலிருந்து இன்சோலை (பாதத்துக்கு அடியில் இருக்கும், கழற்றக்கூடிய மெத்தை) வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ கட்டைவிரல் மூட்டோ இன்சோல் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த மாடல் உங்களுக்கு ஒத்துவராது. ஆண்களுக்கான சாதாரண அகலம் டி, அதற்கு மேல் 2இ, 4இ. பெண்களுக்குச் சாதாரண அகலம் பி. அகலப் பாதம் உள்ள பெண்கள் ஆண்கள் மாடலில் அதே நீளத்தைப் போட்டுப் பார்க்கலாம், குதிகால் மட்டும் தளர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பிராண்ட் வாரியாகச் சொல்லுங்கள்.

ஏசிக்ஸ் ஜப்பானின் கோபேயில் 1949-இல் தொடங்கியது. பயிற்சிக்கு ஜெல்-கியூமுலஸ், இன்னும் மெத்தென்று வேண்டுமானால் ஜெல்-நிம்பஸ். கால் உள்பக்கம் அதிகம் சாய்பவர்களுக்கு ஜிடி-2000, அதற்கு மேல் 1993 முதல் வரும் ஜெல்-கயானோ. ஜெல்-கன்டென்ட் போன்ற தொடக்க மாடல்கள் நடைக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மெல்லோட்டத்துக்கும் போதும்.

நைக்கியில் பெகாசஸ். 1983 முதல் வருகிறது, டிராப் 10 மி.மீ. எல்லா வேகத்துக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் நடுப்பாதத்தில் இறுக்கிப் பிடிக்கும் என்பதால் அகலப் பாதக்காரர்கள் இன்சோல் சோதனை செய்யாமல் வாங்கக் கூடாது. ரெவல்யூஷன், டவுன்ஷிஃப்டர் இரண்டும் அதே லோகோவில் வரும் தொடக்க நிலை ஷூக்கள். அவற்றைப் பெகாசஸோடு ஒன்றாக நினைக்க வேண்டாம்.

அகலம்தான் பிரச்சினை என்றால் முதலில் நியூ பேலன்ஸ் பாருங்கள். 880 நடுநிலை மாடல் (சாய்வைத் தடுக்காத சாதாரண ஷூ), 860 தாங்கு கொடுக்கும் மாடல் (கால் உள்பக்கம் சாய்வதைத் தாங்கிப் பிடிப்பது). இரண்டும் 2இ, 4இ அகலங்களில் தயாராகின்றன. அந்த அகலம் உள்ளூர்க் கடையில் இல்லாவிட்டால் ஆன்லைனில் தேட வேண்டியிருக்கும்.

புரூக்ஸில் கோஸ்ட் நடுநிலை மாடல், அட்ரினலின் ஜிடிஎஸ் தாங்கு மாடல். கோஸ்ட் ரொம்ப காலம் 12 மி.மீ. டிராப்போடு வந்து, 17-ஆம் பதிப்பில் 10-க்கு இறங்கியது. கெண்டைக்கால், குதிநரம்பு பிடிப்பு உள்ளவர்களுக்கு இப்படி டிராப் கூடிய ஷூ இதமாக இருக்கும்.

2009-இல் பிரான்சில் தொடங்கிய ஹோகாவின் கிளிஃப்டன் தடித்த மெத்தைக்குப் பேர்போனது. பல வருடம் 5 மி.மீ. டிராப், 10-ஆம் பதிப்பில் 8. டிராப் குறைந்த ஷூவுக்கு மாறும்போது சுமை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு நகரும். அதனால் முதல் மூன்று வாரம் பழைய ஷூவோடு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பூமா வெலாசிட்டி நைட்ரோ கொடுக்கிற காசுக்கு நல்ல ஷூ, தள்ளுபடியிலும் அடிக்கடி வரும். அடிடாஸில் சூப்பர்நோவா, அடிசீரோ எஸ்எல் பயிற்சிக்கானவை. டுராமோ, கேலக்ஸி தொடக்க மாடல்கள். டெகாத்லானின் கிப்ரன் வரிசை கைக்கு அடக்கமான விலையில் உண்மையான ஓட்ட ஷூ. கேம்பஸ், ஸ்பார்க்ஸ் போன்ற உள்நாட்டு பிராண்டுகளின் 1,000 – 2,000 ரூபாய் ஷூ தினமும் இரண்டு மூன்று கி.மீ. மெல்லோட்டத்துக்குத் தாங்கும். வாரம் 20 கி.மீ. தாண்டினால் ஃபோம் சீக்கிரம் தட்டையாகிவிடும்.

எனக்குத் தட்டைப் பாதம். தனி ஷூ வேண்டுமா?

வலி இல்லாவிட்டால் கட்டாயம் இல்லை. ஈரக்காலைத் தரையில் பதித்துத் தடம் பார்க்கும் சோதனை, நிற்கும்போது பாதம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். ஓடும்போது என்ன ஆகிறது என்பது அதில் தெரியாது. பழைய ஷூவின் அடியைப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது இயல்பு. உள் ஓரம் மட்டும் சப்பையாகத் தேய்ந்து, ஷூவை மேசைமேல் வைத்தால் உள்பக்கம் சாய்ந்து நின்றால், தாங்கு மாடலைப் போட்டுப் பார்க்கலாம். நடுநிலை மாடலில் வலியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறவர், யாரோ சொன்னார்கள் என்று மாற்ற வேண்டாம். முழங்காலிலோ கணுக்கால் உள்பக்கத்திலோ இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோவிடமோ காட்டுங்கள்.

குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு செய்தி. 1992-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் 2,300 குழந்தைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. பிள்ளைகள் மண்ணில் வெறுங்காலோடு விளையாடினால் விளையாடட்டும்.

வேலூர்த் தரைக்கு எந்த அடி ஏற்றது?

தார்ச்சாலை, சிமென்ட் தெரு, பாலாற்றுப் பாலம் எல்லாவற்றுக்கும் சாதாரண ரோடு ஷூ போதும், 2 – 3 மி.மீ. ஆழமுள்ள ரப்பர். மைதானத்துச் செம்மண்ணும் இதிலேயே ஓடலாம். மழைக்குப் பிறகு களிமண் ஒட்டும்போது மட்டும் வழுக்கும். அமிர்தி, ஜவ்வாது மலை அடிவாரத்துப் பாதைகளில் வாரம் தவறாமல் ஓடுபவர்களுக்கு 4 – 5 மி.மீ. குமிழ் உள்ள டிரெயில் ஷூ தேவை. அதைத் தார்ச்சாலையில் போட்டால் குமிழ் சில மாதத்தில் மழுங்கிவிடும்.

ஏலகிரி ஏறி இறங்குபவர்கள் இறக்கத்தை நினைத்து வாங்க வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடித்துக்கொண்டே வரும். நகம் கறுப்பது அங்கேதான்.

வேலிகாத்தான் முள்ளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஏரிக்கரை, ஆற்றோரம் எங்கும் கிடக்கிறது. ரப்பர் இல்லாத ஃபோம் பகுதியில் நேராக ஏறிவிடும், முதல் நாள் தெரியாது. நான்கு நாள் கழித்து இன்சோலைத் தாண்டிக் குத்தும். ஓடி முடித்ததும் அடியைத் திருப்பிப் பாருங்கள், முள் இருந்தால் குறடால் நேராக இழுங்கள். உள்ளே முறிந்திருந்தால் இன்சோலை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தி நுனி எங்கே எட்டுகிறது என்று பார்த்து எடுங்கள்.

இன்னொன்று, சாலை ஓரம் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு ஷூ மட்டும் கோணலாகத் தேயும், ஒரு முழங்கால் மட்டும் வலிக்கும். போக்குவரத்து இல்லாத தெருவாக இருந்தால் நடுவில் ஓடுங்கள், இல்லாவிட்டால் பாதையை மாற்றுங்கள்.

காவலர் தேர்வின் 1,500 மீட்டருக்குத் தனி ஷூ வாங்க வேண்டுமா?

ஆண்களுக்கு 7 நிமிடம். 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி என்ற கணக்கு. இந்த வேகத்துக்கு அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸோ கார்பன் ஷூவோ தேவையில்லை. ஆறு மாதப் பயிற்சியைக் காயமில்லாமல் முடிக்க வைக்கும் ஷூதான் இங்கே முக்கியம். 3,000 – 6,000 ரூபாய்க்குள் எடை குறைந்த ஒரு நல்ல பயிற்சி ஷூ வாங்கி அதிலேயே தேர்வுக்கும் போகலாம். தேர்வுக்கு முந்தின வாரம் புது ஷூ வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. கொப்புளத்தோடு ஓட வேண்டிவரும். புதிது வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னதாக வாங்கிக் குறைந்தது 30 கி.மீ. ஓடிவிடுங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஷூவின் இரு முனையையும் பிடித்து மடக்குங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். குதிகால் கிண்ணத்தைக் கிள்ளிப் பாருங்கள், ஒரே அமுக்கில் சப்பையானால் அது குதிகாலைப் பிடிக்காது. இரண்டு ஷூவையும் மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள், ஒன்று சாய்ந்திருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். கையை உள்ளே விட்டுத் தையல் முடிச்சு, பசைக் கட்டி எதுவும் உறுத்துகிறதா என்று தடவுங்கள். பிறகு இரண்டு காலிலும் போட்டு, கடைக்கு வெளியே வராந்தாவில் ஒரு நிமிடம் மெல்ல ஓடுங்கள். ‘போடப் போட லூஸாகிடும்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓட்ட ஷூவின் செயற்கை இழை தோல்போல இளகாது. முதல் நாள் அழுத்துவது நூறாவது நாளும் அழுத்தும்.

உள்ளூர் ஷோரூமில் ஓட்ட மாடல்கள் எல்லாம் இருக்காது. அடுத்தடுத்த இரண்டு சைஸை ஆன்லைனில் வரவழைத்து, வீட்டுக்குள் போட்டுப் பார்த்து ஒன்றைத் திருப்பி அனுப்பலாம். வெளித்தரையில் போட்டுவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

வாரம் 10 கி.மீ.க்குள் ஓடுபவருக்கு 3,000 – 4,500 ரூபாய் போதும். 20 – 40 கி.மீ. ஓடுபவர் 6,000 முதல் 11,000 வரை பார்க்கலாம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு வசதி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். புதுப் பதிப்பு வந்ததும் பழைய பதிப்பின் விலை நன்றாக இறங்கும், அப்போது வாங்குவது புத்திசாலித்தனம். 9,000 ரூபாய் ஷூ 600 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். அதே ஷூவின் முந்தைய பதிப்பை 5,400-க்கு வாங்கினால் 9 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அந்த எல்லையை ஒட்டிய விலைகளைக் கவனித்து வாங்குங்கள்.

பழைய ஸ்டாக் வாங்கும்போது பாருங்கள், ஷூ நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் மடல்) உள்பக்க லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். மூன்று வருடம் தாண்டியிருந்தால் வேண்டாம். கிடங்குச் சூட்டில் ஃபோம் இறுகிப் பசை உதிரத் தொடங்கியிருக்கும்.

1,500 ரூபாய்க்கு ‘ஃபர்ஸ்ட் காப்பி’ பெகாசஸ் கிடைக்கிறதே?

மேல்தோற்றம் மட்டும்தான் காப்பி. உள்ளே இருப்பது மலிவான கட்டி ஃபோம். பெட்டியில் உள்ள மாடல் குறியீடும் (ஸ்டைல் கோட்) நாக்கு லேபிளில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். போலியில் பெரும்பாலும் எல்லா சைஸுக்கும் ஒரே லேபிள் இருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு நேர்மையான உள்நாட்டு ஷூ எவ்வளவோ மேல்.

ஆம்பூரில் மலிவாகக் கிடைக்கும் ஷூ வாங்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் பலம் தோல். தினப்படி அணியும் தோல் ஷூவுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஓட்ட ஷூவுக்கு வேண்டியது வேறு தொழில்: ஃபோம் வார்ப்பு, வலை இழை. ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் ஷூ கிடைத்தால் ஏன் கழித்தார்கள் என்று பாருங்கள். தையல் கோணல், நிறத் திட்டு என்றால் வாங்கலாம். இரண்டு ஷூவின் உயரமோ சாய்வோ வேறுபட்டால் வேண்டாம்.

குதிகால் வழுக்குகிறது. என்ன செய்வது?

மேலே கடைசியாக ஒரு கூடுதல் லேஸ் துளை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை வழக்கம்போல் அதற்கு முந்தைய துளை வரை குறுக்காகக் கட்டுங்கள். பிறகு அதே பக்கத்துக் கடைசித் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு, சின்ன வளையமாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அப்படி. இப்போது வலது லேஸை இடது வளையத்திலும், இடது லேஸை வலது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது. ஏலகிரி இறக்கத்தில் நகம் கறுப்பதும் குறையும். புறங்காலில் லேஸ் அழுத்தி மரத்துப்போனால், வலிக்கும் இடத்தில் மட்டும் குறுக்குக் கட்டாமல் நேராக மேலே கொண்டுபோங்கள்.

கொப்புளத்துக்குப் பாதிக் காரணம் சாக்ஸ். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு உராயும். பாலியெஸ்டர், நைலான் கலந்த சாக்ஸ் போடுங்கள்.

வெயில், மழையில் எப்படிப் பாதுகாப்பது?

தொழிற்சாலையில் அடியை ஒட்டும்போது பசையை 60 – 70 டிகிரிக்குச் சூடாக்கித்தான் உயிர்ப்பிக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மூடிய காருக்குள்ளோ மொட்டை மாடித் தரையிலோ ஷூவை விட்டால் கிட்டத்தட்ட அதே சூட்டில் பசை இளகும், முன்முனை வாய் பிளக்கும். எப்போதும் நிழலில்தான் காய வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்தால் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய டூத்பிரஷ் போதும்.

தினமும் ஓடுபவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் ஃபோம் மீள நேரம் கிடைக்கும். லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூவை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காய வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது.

எப்போது மாற்ற வேண்டும்?

500 – 800 கி.மீ. வாரம் 25 கி.மீ. ஓடினால் 20 முதல் 32 வாரம். உடல் எடை அதிகமுள்ளவர்கள் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய தேதியை இன்சோலின் அடியில் பேனாவால் எழுதி வைக்கலாம். ரப்பர் தேயாமலே ஃபோம் செத்துவிடும். பக்கவாட்டில் படுக்கைவாட்டுச் சுருக்கங்கள் நிலைத்துவிட்டால், ஓடிய மறுநாள் கணுக்காலும் முழங்காலும் காரணமில்லாமல் கனத்தால், நேரம் வந்துவிட்டது. அதை அப்புறம் நடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்?

கால் உணர்ச்சி குறைந்திருந்தால் ‘வசதியாக இருக்கிறதா’ என்ற கேள்வி உதவாது. அழுத்தும் ஷூவும் வசதியாகவே தோன்றும். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் உணர்ச்சி இழந்த பாதங்களைப் பார்த்து உணர்த்திய பாடம் இது: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சின்ன அழுத்தமே புண்ணாகிறது. சர்க்கரைக் காலுக்கும் இது அப்படியே பொருந்தும். ஓடத் தொடங்கும் முன் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அளவைத் தாளிலும் இன்சோலிலும் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் ஷூவுக்குள் கையை விட்டுக் கல், முள் பாருங்கள். புது ஷூவை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த ஷூ வேண்டாம்.

அடி பிளந்த ஷூவைத் தைத்துப் போடலாமா?

ஒட்டலாம், தைக்க வேண்டாம். அடியைச் சுற்றித் தையல் போட்டால் நூல் ஃபோமை அறுக்கும், மடங்கும் இடமும் விறைத்துவிடும். முன்முனை மட்டும் பிளந்திருந்தால் பழைய பசையைச் சுரண்டி, பி.யூ. (பாலியூரிதேன்) பசை தடவி, பத்து நிமிடம் காயவிட்டு ஒட்டி, ஒரு நாள் கட்டி வைக்கச் சொல்லுங்கள். மேல்துணி கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தால் உள்ளிருந்து ஒட்டுப் போடலாம். ஆனால் அதே இடம் மறுபடி கிழிந்தால் ஷூ நீளம் போதவில்லை, அடுத்த முறை அரை சைஸ் கூட்டி வாங்குங்கள்.